கரகரப்பு விற்ற கிழமை

1975 ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து மழை. குடை ட்ராமிலேயே பயணத்தைத் தொடர்ந்தது. நான் இறங்கிவிட்டேன்.

இந்த டயறியின் மேல் வலது கையை வைத்து, தென் துருவத்துக்கு மிக அண்மையில் வாழும் ஒரே தமிழ் விளம்பரச் சக்கரவர்த்தியாகிய நான் பிரகடனம் செய்வது: இந்தக் கிழமை, இந்த ஏழெட்டு நாளில், நடக்கப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். என்ன நடக்கப்போகிறது என்று எனக்கே தெரியாது. என் தொழிலில் அது ஒரு தடையே இல்லை.

எங்கள் விளம்பரக் கந்தோரில் முதலாளி கீத்தின் முகம் மெல்பேர்ண் வானம் மாதிரி. சனிக்கிழமை ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் டொரீனின் கச்சேரி. பாதி ரிக்கெட்கூடப் போகவில்லை. மண்டபம் நிரம்பாவிட்டால் அவளுடைய புது றெக்கோட் வராதாம். 'ஏதாவது செய், மேட்.'

டொரீன் (இனி டொ.): மட்டக்களப்புப் பறங்கிப் பெண், போர்த்துக்கேயர் வழி. ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் கொழும்பு ஹோட்டல்களின் மகாராணி. இங்கே பகலில் பிஸ்கட் ஃபக்டரி. தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவாள். ஆண், பெண், கீத், எல்லாரும் அவளுக்கு 'மென்'.

செய்யவேண்டியவை:
— டொ. பற்றிப் புது விளம்பரக் காகிதம் எழுதி றோனியோ மெஷினில் பிரதி அடிக்க
— றேடியோ மூன்று, பத்திரிகை ஐந்து, நேரில் கொடுக்க
— சப்பாத்து ஓட்டை
— கிராமபோன் ஊசி (மிக அவசரம், மனைவி பரமேசுக்குச் சொல்லக்கூடாது)

17, செவ்வாய்

குளிர். சப்பாத்துக்குள் ஒரு சிறு குளம்.

மூன்று மாதமாக டொ. பற்றிய காகிதத்தில் என் மணிவாசகம்: 'புகை படிந்த குரல்.' றேடியோக்காரர் அதை அப்படியே வாசித்தார்கள். இன்று அது போதவில்லை. மூன்றாவது கோப்பைத் தேநீரில் வந்தது:

'டொக்டர்கள் கைவிரித்துவிட்டனர். இந்தக் குரலுக்கு இன்னும் ஒரே ஓர் இரவு. கண்ணீரோடு விடைபெறுகிறார் டொரீன்.'

ஒருவரும் சொல்லவில்லை. தேநீர் சொன்னது. இதற்கு முன் மூன்று பாடகர்களுக்கு நான் கடைசிக் கச்சேரி வைத்திருக்கிறேன். மூவரும் கொழுத்த சுகம். ஒருவர் ஒரே வருடத்தில் இரண்டு தரம் விடைபெற்றவர்.

டொ.வுக்குப் போன் செய்து சொல்ல நினைத்தேன். எட்டு இடத்துக்கும் காகிதத்தைக் கொடுத்து முடியப் பிந்திவிட்டது. நாளைக்கு.

18, புதன்

போன். போன். போன். மத்தியானத்துக்குள் முன்வரிசை முடிந்தது. கீத் முதுகில் தட்டியதில் என் முதுகெலும்பு இரண்டு இடத்தில் இடம் மாறியது.

டொ.வுக்கு இன்னும் சொல்லவில்லை.

பரமேஸ் குசினியிலிருந்து: 'இஞ்சாருங்கோ, சாகாத ஆக்களுக்கு இன்னும் எத்தினை தரம் பந்தல் போடப்போறியள்?'

சாகிறது என்று நான் எழுதவில்லையே என்றேன். குரல்தானே.

'பாடுறவைக்கு அது வேற, இது வேறயோ?'

ரிக்கெட் கணக்கைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

19, வியாழன்

வெயில். வெளியில் மட்டும்.

நாலு மணிக்கு டொ. கந்தோருக்கு வந்தாள். ஃபக்டரி உடுப்பு, சீனி வாசம், கையில் என் காகிதம்.

'ஆரு மென் உனக்குச் சொன்னது?'

'டொரீன், கோவிக்காதே, நான் சும்மா...'

'சும்மாவா? அந்த நேர்ஸா? என்ட புருஷனுக்கே நான் இன்னும் சொல்லல்ல.'

'என்ன சொல்லேல்லை?'

என்னைப் பார்த்தாள். நீளமாக. பிறகு கதிரையில் இருந்தாள்.

'அப்ப உனக்குத் தெரியா.'

காகிதத்தை நாலாக மடித்தாள். தொண்டைக்குள் ஒரு கட்டி. போன கிழமைதான் டொக்டர் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை வெட்டுகிறார்கள். 'கதைக்கலாமாம். பாட்டு தெரியா எண்டான். முதலே வந்திருக்கோணுமாம்.'

நித்திரையிலும் பேசுகிறவன் நான். மேசையில் இருந்த மிச்சக் காகிதங்களைக் கவிழ்த்து வைத்தேன்.

'எனக்கும் கரகரப்பு இருந்ததுதான், மென். நோய் எண்டு நினைக்கல்ல. நீதான் அழகு எண்டு எழுதிட்டியே.' சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமையை நிப்பாட்டுவம் என்றேன்.

'ஏன்? சனம் வருகுதெல்லே. வரட்டும். ஆனா நீ எழுதியிருக்கிற மாதிரி நான் மேடையில அழமாட்டன். அதை மட்டும் வெட்டு.'

வீட்டில் இரண்டையும் போட்டுக் கேட்டேன். ஒன்று கொழும்பில் வெளிவந்த அவளுடைய பழைய றெக்கோட், தேய்ந்த ஊசியில். கப்பலில் என் மடியிலேயே வந்தது. அதில் அவள் எங்கே மூச்செடுக்கிறாள் என்றுகூட எனக்கு மனப்பாடம். மற்றது போன மாத ஒத்திகை டேப். அதே பாட்டு. சுருதி நன்றாகக் கீழே. பியானோக்காரன் அன்றே சொன்னான்: 'டொரீனுக்காகக் கொஞ்சம் இறக்கியிருக்கிறம்.' நான் அதை 'புதுப் பாணி' என்று குறித்துக்கொண்டேன்.

தென்னரைக்கோளத்தின் மிகக் கூர்மையான காது. மூன்று மாதம் அந்தக் கரகரப்பைக் கேட்டு, பெயர் வைத்து, வீடுவீடாக விற்றது.

20, வெள்ளி

மூடுபனி. ஊசி வாங்கவில்லை. சப்பாத்து அப்படியே.

பரமேசுக்குச் சொன்னேன். நக்கல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொத்தமல்லி அவித்து ஃபிளாஸ்கில் ஊற்றி, 'நாளைக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ' என்றாள். அது நக்கலைவிட மோசமாக இருந்தது.

கீத் கேட்டான், இன்னொரு காகிதம் அடிக்கலாமா, இன்னும் கொஞ்சம் உருக்கமாக? வேண்டாம் என்றேன். நான் வேண்டாம் என்று சொன்னதை அவன் முதன்முதலாகக் கேட்கிறான். காய்ச்சலா என்று கேட்டான்.

21, சனி

பத்திரிகைக்குப் போனில் சொன்னது, சொன்னபடி:

எண்ணாயிரம் பேர். வாசலில் இரண்டு யானை. கதிரை கிடைக்காமல் பிரதமர் சுவரோடு நின்றார். கடைசிப் பாட்டின் இரண்டாம் அடியில் டொரீன் வாய் திறந்தார், காற்று மட்டும் வந்தது. அந்தக் கணத்தில் மண்டபம் முழுவதும் எழுந்து மிச்சப் பாட்டைப் பாடியது. கூரை ஓர் அங்குலம் உயர்ந்தது.

பத்திரிகைக்காரன் யானையையும் பிரதமரையும் வெட்டிவிட்டான். மண்டபத்தை விட்டுவைத்தான்.

அவள் அழவில்லை. ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டாள்.

24, செவ்வாய்

காற்று. பின்னேரம் ஆஸ்பத்திரி. வெட்டியாயிற்று. ஆறு கிழமை வாய் திறக்கக்கூடாது. பாட்டைப் பற்றி டொக்டரைக் கேட்டேன். தோளை உயர்த்தினார்.

புருஷன் தேநீர் எடுக்கப் போயிருந்தார். கட்டிலில் என் பழைய காகிதம் ஒன்று, எழுதுவதற்காகப் பின்பக்கம் திருப்பியபடி. பக்கத்தில் பத்திரிகைத் துண்டு. பென்சிலால் எழுதினாள்:

'மண்டபம் முழுக்கப் பாடினதா, மென்?'

'ஓம்' என்றேன்.

தலையை ஆட்டினாள். திரும்ப எழுதினாள்:

'ஒரே ஆள். பின்வரிசை. சுருதி பிழை.'

சரி. இது என் டயறி, வாசிக்க ஆளில்லை. யானை பொய். பிரதமர் பொய். எண்ணாயிரம் பொய், நானூறும் வராது. மண்டபம் எழுந்ததும் பொய். எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டைச் சப்பாத்துப் போட்ட ஒரு மடையன் மட்டும் எழுந்து, இறக்கிய சுருதியை மறந்து, பழைய றெக்கோட்டில் அவள் பாடிய உயரத்தில் மிச்சத்தைக் கத்தி முடித்தான்.

அது மட்டும் உண்மை.