பழக்கிய பானை

1982 ஓகஸ்ட் 10, செவ்வாய்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. கூட்டியது வீண், கொடியில் போட்ட உடுப்பும் வீண்.

இவர் குவைத்திலிருந்து வந்து இரண்டு மாதம். அங்கே ஒரு பெரிய குசினியில் வேலை. மண் அடுப்பின் உட்சுவரில் மாவைத் தட்டி ஒட்டி ரொட்டி சுடுவது. வடஇந்தியக்காரர் ரொட்டியாம். அதையே வீட்டில் சுட்டுப் புதுக்குடியிருப்பு பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுக்கலாம் என்கிறார். ரொட்டி சரிவந்தால் இங்கேயே இருப்பாராம். சரிவராவிட்டால் திரும்பப் போவாராம். ஏஜென்சிக்காரர் திங்கட்கிழமை வவுனியாவிலிருந்து வருகிறார், அதற்குள் பதில் வேண்டும்.

பானை வாங்க நானும் கூடப் போனேன். வாய் அகன்ற, தடித்த பானை. சைக்கிள் கரியரில் கட்டி இவர் உருட்ட, நான் பின்னால் பிடித்தபடி.

மிச்ச வேலை: உழுந்து காயவைக்க. மகள் வதனியின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான். மண்ணெண்ணெய்.

ஓகஸ்ட் 11, புதன்

இவர் செங்கல் தேடிப் போன நேரம் பானையைப் பழக்கினேன். புதுப்பானையைப் பச்சையாக நெருப்பில் வைக்க மனம் வராது. வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்கவிட்டு, உள்ளே தேங்காயெண்ணெய் பூசி, வெயிலில் காயவைத்து. எந்தப் பானைக்கும் செய்கிறதுதான். இவரிடம் சொல்லவும் தோன்றவில்லை.

பின்னேரம் இவர் அடியில் காற்றுக்கு ஓட்டை போட்டார். சுற்றிச் செங்கல், மணல். உள்ளே சிரட்டைக் கரி. முதல் ரொட்டி சுவரில் கொஞ்சம் நின்று கரிக்குள் விழுந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா வேலிக்கு மேலால்: "என்ன தம்பி, நெருப்புக்கோ சாப்பாடு தீத்துறியள்?"

இவர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

இரவுச் சாப்பாடு: சாம்பல் தட்டிய ரொட்டி, சம்பல். நாரி நோ, குனிந்து நிமிர முடியவில்லை.

ஓகஸ்ட் 13, வெள்ளி

காற்று குறையவில்லை. கண்ணெல்லாம் கரிப்புகை.

நேற்றும் விழுந்தது, இன்றும் விழுந்தது. பானை காய்ந்து வெடித்துவிடுமோ என்று ஒவ்வொரு காலையும் எண்ணெய் பூசி வைக்கிறேன். நன்றாக, தாராளமாக. என்னால் முடிந்தது அதுதான்.

மாவில் தயிரைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கை மயிர் பொசுங்கியது. பேசினாலாவது நான் திருப்பிப் பேசலாம்.

வதனி பள்ளிக்கூடத்தால் வந்து சட்டை மாற்றிக்கொண்டே கேட்கிறாள்: "அம்மா, அப்பா எப்ப போறார்?" பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி. அவளில் பிழை இல்லை. அப்பா என்றால் போகிறவர் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

இவர் இருக்க வேண்டும். எனக்கு இவர் இருக்க வேண்டும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஓகஸ்ட் 15, ஞாயிறு

காலையில் தோசை. கல்லில் எண்ணெய் தேய்த்தபடியே நின்றுவிட்டேன். எண்ணெய் தேய்ப்பது தோசை ஒட்டாமல் வரத்தானே. விசரி, நான் ஐந்து நாளாகப் பானைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

தோசை கருகட்டும் என்று முற்றத்துக்கு ஓடினேன். இவர் கரி உடைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, நான்தான் பானைக்கு எண்ணெய் பூசினனான். அதுதான் ஒட்டேல்லை."

"ஓம்."

"என்ன ஓம்?"

"முதல் நாளே எண்ணெய் மணந்தது. வெறும் பானையை நல்லா எரியவிட்டு, உப்புத் தண்ணி தெளிச்சாச் சரி. பிறகு ஒட்டும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

கரியை உடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, என்னைப் பாராமல்: "அங்கை இருந்தா நான் வீட்டுக்கு உழைச்சு அனுப்புற மனுசன். இஞ்சை வந்து உங்கள் ரெண்டு பேருக்கும் இடைஞ்சலா நிக்கிறன். ரொட்டி விழுந்தா, ரொட்டியாலைதான் போறன் எண்டு போகலாம். நானாப் போறன் எண்டு சொல்ல வாய் வரேல்லை."

தோசை கருகிய மணம் முற்றம் வரை வந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. பகல் சமைத்தேன். உழுந்து அள்ளி வைத்தேன். கோபம் வரும் என்று பார்த்திருந்தேன். அலுப்புத்தான் வந்தது.

ஓகஸ்ட் 16, திங்கள்

விடிய எழும்பிப் பானையை எரியவிட்டேன். எண்ணெய் எல்லாம் புகைந்து முடியும் வரை. உப்புத் தண்ணீர் தெளித்தேன். நானே பிசைந்து நானே தட்டினேன்.

ஒட்டியது. குமிழி குமிழியாகப் பொங்கி, ஓரம் சிவந்து. எல்லாமே ஒட்டின.

இவர் குளித்து, சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு."

"நிக்கிறியளோ?"

மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிக் கட்டினார். படலையடியில் ஏஜென்சிக்காரர் கூப்பிட்ட சத்தம். கொழும்புக்கு இன்றைக்கே போக வேண்டுமாம்.

ரொட்டியை வாழையிலையில் சுற்றி வழிக்குக் கட்டிக் கொடுத்தேன். சூடு ஆறவில்லை, கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போனார்.

கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. மிச்ச மாவைத் தட்ட வேண்டும். தேத்தண்ணிக் கடைக்குப் பத்து மணிக்கு முதல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.