எடிட்டர் போய் நின்ற வரி

கல்பாத்தி,
25-11-1978

என் அன்புள்ள ஆத்துக்காரருக்குப் பட்டு நமஸ்காரம் சொல்லி எழுதுவது.

இங்கே உங்கள் அம்மா சௌக்கியம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நானும் சௌக்கியம்தான், கோபத்தைத் தவிர வேறு உபாதை இல்லை. உங்கள் கடிதம் நேற்று வந்தது. மன்னிப்பு எழுதிக் கொடு, கையோடு ராஜினாமாவும் கொடு, பம்பாய் வந்து சேர் என்று நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் பாங்கில் ஒருவருக்குக் கடன் கிடையாது என்று சொல்லக்கூட இதைவிட நீளமாக எழுதுவீர்கள்.

தேர் இரண்டாம் நாள் நான் வேலைக்குப் போனதைப் பற்றி அம்மா எழுதியிருப்பார். போனது உண்மை. ஹெட் ஆபீஸிலிருந்து பஞ்சாபகேசன் சார் எங்கள் கம்ப்யூட்டர் அறையைப் பார்க்க அன்றைக்குத்தான் வந்தார். என் வேலையை எல்லோருக்கும் காட்டுகிற நாளில் நான் வாசலில் நின்று தேர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் அங்கே டைப் அடிக்கிறேன் என்றே நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். எடிட்டர் என்றால் பத்திரிகை ஆசிரியர் அல்ல. திரையில் புரோகிராமை எழுதவும் திருத்தவும் உதவுகிற இன்னொரு புரோகிராம். எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மொழியாக மாற்ற, கம்பைலர், அசெம்பிளர் என்று இரண்டு கருவிகள் உண்டு. தப்பு இருந்தால், இன்ன வரியில் இன்ன தப்பு என்று அவை ஓர் அறிக்கை கொடுக்கும். அதைக் காகிதத்தில் அடித்து எடுத்து வைத்துக்கொண்டு, திரையில் விரலை வைத்து வரி வரியாக எண்ணித் தேடுவதுதான் வழக்கம். நான் எடிட்டரோடு சின்னதாக ஒரு புரோகிராம் துணுக்கை எழுதிச் சேர்த்தேன். அது அறிக்கையைத் தானே படித்து, தப்பு இருக்கும் வரிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தும். என்னோடு வேலை பார்க்கும் வடகரப்பதிக்காரர் ஈஸ்வரமூர்த்தி முதல் தடவை பார்த்துவிட்டு, “ஏனுங்க, இனி வெரல் தேயாதுங்க” என்றார்.

அன்றைக்குப் பஞ்சாபகேசன் சார் தாமே உட்கார்ந்து விசையை அழுத்தினார். எடிட்டர் ஒரு வரியில் போய் நின்றது. அந்த வரியில் ஒரு தப்பும் இல்லை. அவரோ படித்துக்கூடப் பார்க்காமல் அதை அழித்தார். புரோகிராம் மொத்தமும் படுத்துவிட்டது. கூட வந்த விருந்தாளிகள் முன்னால் அவர் சொன்னார்: “பெண்குட்டிகள் கோலம் போடறாப்பல என்னத்தையோ போட்டு வெச்சிருக்கா. கூட்டிக் களையுங்கோ.”

நடந்தது என்ன தெரியுமா? அதற்கு முந்தைய வாரம் ஹெட் ஆபீஸ் பழைய அசெம்பிளரை எடுத்துவிட்டுப் புதியது ஒன்றைப் போட்டிருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழையது நம்மைப் போலப் பத்துப் பத்தாக வரிகளை எண்ணும். புதியது மெஷின்களுக்கே உரிய கணக்குப்படி எட்டு எட்டாக எண்ணும். அதற்கு ஏழுக்கு அடுத்தது 10. அது 24 என்று எழுதினால் நம் கணக்கில் இருபதாவது வரி. என் துணுக்கு இருபத்துநாலாவது வரிக்கே போயிற்று. அமெரிக்காவிலிருந்து உங்கள் அண்ணா 5-4 அன்று வருவதாக எழுதியது அந்த ஊர் வழக்கப்படி மே நாலாம் தேதியாக இருக்க, நாம் ஏப்ரல் ஐந்தாம் தேதியே மாலையும் கையுமாக ஒலவக்கோடு ஸ்டேஷனில் நின்றோமே. அன்றைக்கு யாரும் உங்களை மன்னிப்பு எழுதித் தரச் சொல்லவில்லை.

இப்போது துணுக்கை மாற்றி எழுதிவிட்டேன். எந்தக் கருவி வரி எண்ணை எங்கே போடும், தப்பின் விவரத்துக்கு முன்னாலா பின்னாலா, பத்திலா எட்டிலா என்பதையெல்லாம் நாமே குறித்து வைத்துவிடலாம். நாளைக்கு இன்னொரு கருவி வந்தாலும் அதன் பாணியைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஈஸ்வரமூர்த்தி ஒரு நாள் முழுக்க அதில் குறை கண்டுபிடிக்கப் பார்த்தார். முடியாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனாலும் மெமோ வந்தது. திங்கட்கிழமைக்குள் பஞ்சாபகேசன் சாரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், துணுக்கையும் என் கையாலேயே அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. மானேஜர் தனியே கூப்பிட்டு, இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது, வீணாக ஏன் வம்பு என்றார். உங்கள் அம்மாவோ, “எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருடீ” என்றார். நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள். தப்பு யாருடையது என்று உங்களில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்காதது போகட்டும். நீங்கள் கேட்காததுதான் எனக்கு ஆறவில்லை.

நான் எழுத மாட்டேன். அழிக்கவும் மாட்டேன். திங்கட்கிழமை வழக்கம்போல வாளையார் பஸ் ஏறிப் போய் என் நாற்காலியில் உட்காருவேன். அனுப்புவதானால் அவர்கள் அனுப்பட்டும், நானாக எழுந்து வர மாட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது இரண்டில் ஒன்று தெரிந்திருக்கும். வேலை போனால் கோயமுத்தூர்ப் பக்கம் வேறு தேடுவேன். சமையலறையில் உட்கார்ந்து அழுவேன் என்று அம்மா எதிர்பார்க்கிறார், அது நடக்காது.

கல்யாணமாகி வந்த தீபாவளிகளில் தலை தீபாவளி ஒன்றுக்குத்தான் நீங்கள் கூட இருந்தீர்கள். தனியாக இருப்பது எனக்கு இனிக்கிறது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். இந்த வருஷமும் உங்கள் வேஷ்டிக்கு மஞ்சள் தடவி வைத்தேன். அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஓட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தை மாதம் வரும்போது, திரும்பிப் போக எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். உங்களுக்கும் எடுக்காமல் வந்துவிட்டால் நான் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

உங்கள்
பட்டு