அழுகிப்போன பிகோனியா கிழங்குகள்

கலைப்பிரியாவுக்கு,

கொடைக்கானலிலிருந்து நீ அனுப்பிய மூன்று பிகோனியா கிழங்குகளும் அழுகிவிட்டன. எரிச்சலாக வருகிறது. திண்டிவனத்து வெயிலில் மலைப்பூ எப்படி வரும் என்று யோசிக்க மாட்டாயா?

உன் கல்யாணத்துக்கு வராதவனுக்குப் பூ எதற்கு என்று நான் தொடவில்லை. உன் அம்மாதான் தொட்டியில் நட்டாள். அவள் பார்க்காத நேரத்தில் தினமும் தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

நேற்றுக் காலை செம்பும் கையுமாக அவளிடம் மாட்டிக்கொண்டேன்.

"நான்தான் ரெண்டு வேளையும் ஊத்திக்கினு இருக்கேனே, நீங்க வேறயா? அதான் கெழங்கு அழுகிப்போச்சு!" என்று கத்தினாள். தொட்டியைக் கிளறினால் வெறும் சேறு.

இனிமேல் கூரியரில் போட்டு உயிரை வாங்காதே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும்போது இரண்டு பேருமாக எடுத்து வந்து, நீங்களே நட்டுவிட்டுப் போங்கள்.

அப்பா