நேபாளத்திலிருந்து அனுப்ப முடியாமல் போன சம்மதம்

அனுப்புநர்:
ல. வைஜயந்தி,
க/பெ லக்ஷ்மிகாந்த்,
மேல அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: தத்தெடுப்பு – பெண் குழந்தை ஒதுக்கீடு – வெளிநாட்டில் இருந்தபோது லேப்டாப்பில் இணையம் கிடைக்காமல் சம்மதம் தெரிவிக்க இயலாமை – “விண்ணப்பதாரர் மறுத்தனர்” என்ற பதிவை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கைப்பேசிக்கு வந்த இரண்டு குறுஞ்செய்திகள். வேறு கடிதம் எதுவும் எங்களுக்கு வரவில்லை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

திங்கட்கிழமை தங்கள் முன் நீட்டப்படும் மனுக்களில் பட்டா கேட்பவை, உதவித்தொகை கேட்பவை, வேலை கேட்பவை நிறைய இருக்கும். என்னுடையதையும் அவற்றோடு வைத்துப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். சற்று நீளமாகப் போய்விட்டது. சுருக்கி எழுதிப் பார்த்தேன். சுருக்கினால் எங்கள் மேல்தான் தப்பு என்று படுகிறது.

1. நான் பதிவுத்துறையில் உதவியாளர். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து முசிறிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். என் கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர். எங்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் முறைப்படி தத்தெடுப்பு இணையதளத்தில் பதிவு செய்தோம். வீட்டுக்கு வந்து விசாரித்த அம்மையார் சமையலறை வரை பார்த்துவிட்டு, காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தோம்.

2. இதை நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்தது எல்லாம் இதிலிருந்து வந்தது. எங்கள் மனிதர்கள், நல்ல காரியம் கைகூடும் முன் வாய் திறக்கக்கூடாது, கண் பட்டுவிடும் என்பார்கள். கண்ணேறில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் முன்பு இருமுறை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டு, பிறகு வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் “இல்லை மாமி, தங்கலை” என்று பதில் சொல்லிக்கொண்டே நடந்தவள் நான். மூன்றாவது முறை அந்தப் பதிலைச் சொல்லத் தெம்பு இல்லை. அதனால் என் தங்கை மாதுரிக்குக்கூடச் சொல்லாமல் இருந்தோம். அவள் உறையூரில்தான் இருக்கிறாள்.

3. கடந்த புரட்டாசியில், ஸ்ரீரங்கத்தில் யாத்திரை ஏற்பாடு செய்யும் திரு. அனந்தபத்மநாபன் அவர்களின் குழுவோடு நேபாளத்தில் உள்ள முக்திநாத் திவ்யதேசத்துக்குப் புறப்பட்டோம். எதற்காக வேண்டிக்கொள்ளப் போனோம் என்று தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஒதுக்கீடு எந்த நாளில் வேண்டுமானாலும் வரும், வந்தால் இரண்டு நாளுக்குள் இணையதளத்தில் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தத் தளத்தில் சம்மதம் தெரிவிக்கும் பக்கம் கைப்பேசியில் சரிவரத் திறப்பதில்லை என்பதும் முன்பே தெரியும். ஆகவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ரயிலில் சகயாத்ரீகர்கள், “பெருமாளுக்குக் கம்ப்யூட்டர்ல அர்ச்சனை பண்ணப் போறேளா?” என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

4. வெறுமனே லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் கைப்பேசி இணையத்தை லேப்டாப்புக்கும் எடுத்துக்கொள்ள என்ன வழி என்று சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ரீசார்ஜ் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் பிரவீன்ராஜ் ஒரு ரோமிங் பேக்கைப் போட்டுக் கொடுத்தார். “லேப்டாப்புலயும் சூப்பரா ஓடும்க்கா. நேபாள் என்ன, பக்கத்து வீடு மாதிரிதான். பயப்படாம போயிட்டு வாங்க” என்றார். கடையிலேயே என் கணவரின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் காட்டினார், ஓடியது. திருச்சியில் ஓடியது ஏன் அங்கே ஓடாது என்று எனக்குத் தோன்றவில்லை.

5. ஒரு வெள்ளிக்கிழமை காலை போக்ரா நகரத்தை விட்டு மலைப்பாதையில் ஏறினோம். ஒரு மணி நேரம் போயிருப்போம். தேநீருக்காக வண்டி நின்ற இடத்தில் என் கணவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. தங்களுக்கு ஒரு குழந்தை ஒதுக்கப்பட்டுள்ளது, இணையதளத்தில் நுழைந்து பார்க்கவும் என்று இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எங்களுக்கு நிஜமாகவே வந்தது.

6. அங்கே சிக்னல் இருந்தது. ஓ.டி.பி. வந்தது. கைப்பேசியிலேயே உள்ளே நுழைந்து படத்தைப் பார்த்துவிட்டோம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. பின்னாலிருந்து யாரோ தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது. குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கும் வேறு யாரையோ பார்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். காப்பகத்தில் வைத்த பெயரும் போட்டிருந்தது. அதை இங்கே எழுதவில்லை, எழுத எனக்கு உரிமை இல்லை. என் கணவர் அந்தத் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெயரை இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். எங்களுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

7. மருத்துவ அறிக்கைகளைத் திறந்து பார்த்த பிறகுதான் சம்மதப் பொத்தான் வரும். கைப்பேசியில் அவை திறக்கவில்லை, கணினியைப் பயன்படுத்தவும் என்று வந்தது. லேப்டாப்பை எடுத்தேன். ஹாட்ஸ்பாட் போட்டேன். இணைக்கப்பட்டது என்றும் காட்டியது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. உதவி எண்ணை அழைத்தபோது, தங்கள் ரோமிங் திட்டம் கைப்பேசிக்கு மட்டுமே, லேப்டாப்புக்குப் பகிரும் வசதி அதில் இல்லை என்று ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு சொன்னார். வேறு திட்டத்துக்கு மாற்றச் சொன்னேன். நடப்பில் உள்ள திட்டம் முடிந்த பிறகுதான் மாற்ற முடியும் என்றார். பிறகு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார்.

8. போக்ராவுக்குத் திரும்பினால் ஹோட்டல் வைஃபை இருந்தது. என் கணவர் திரு. அனந்தபத்மநாபன் அவர்களிடம் போய், வண்டியைத் திருப்ப முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு என் கணவர் சொன்ன பதில், “ஆபீஸ் வேலை, அவசரம்.” நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் மறுத்துச் சொல்லவில்லை. நான்கு வருடம் பூட்டிவைத்த வாய் அந்த ஒரு நிமிடத்தில் திறக்கவில்லை ஐயா. அவர் தம் நிலையிலிருந்து நியாயமாகத்தான் பேசினார்: “ஆபீஸ் வேலைக்காகப் பதினெட்டு பேரைத் திருப்பிண்டு போகச் சொல்றேளா ஸ்வாமி? சாயங்காலம் ஜோம்சோம் போயிடுவோம். அங்க ஹோட்டல்ல வைஃபை இருக்கு. அங்க பாத்துக்கலாம், வாங்கோ.” நாங்களும் இரண்டு நாள் இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்தோம். இறங்கி ஒரு டாக்ஸி பிடித்திருக்கலாம் என்பது இன்று எனக்குத் தெரிகிறது.

9. ஜோம்சோமில் மழை. கேபிள் அறுந்து ஹோட்டல் வைஃபை இரண்டு நாளாக இல்லை என்றார்கள். எங்கள் இந்திய எண்களுக்கு அங்கே சிக்னலே இல்லை. மறுநாள் காலை கடை திறந்ததும், எங்கள் அடையாள அட்டைகளின் நகலும் போட்டோவும் கொடுத்து அந்த ஊர் சிம் ஒன்று வாங்கி என் கைப்பேசியில் போட்டேன். அதிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்தது. அயல்மண்ணில் முதன்முறையாக எங்கள் லேப்டாப்பில் இணையம் வந்தது. தத்தெடுப்புத் தளமும் திறந்தது. உள்ளே நுழைய ஓ.டி.பி. கேட்டது. ஓ.டி.பி. என் கணவரின் இந்திய எண்ணுக்குப் போகும். அந்த எண்ணுக்குச் சிக்னல் இல்லை. எண்ணை மாற்றிக்கொள்ளலாமே என்று பார்த்தால், அதற்கான ஓ.டி.பி.யும் பழைய எண்ணுக்கே போகும் என்று இருந்தது. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

10. அதன்பிறகுதான் வெட்கத்தை விட்டேன். மாதுரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவளாலும் அந்த ஓ.டி.பி. கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. சனிக்கிழமை என்பதால் திருச்சியில் உள்ள தத்தெடுப்பு அலுவலகம் விடுமுறை. அவள் விடாமல் போன் அடித்துப் பார்த்துவிட்டு, நேரிலும் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

11. அன்று மற்றவர்கள் முக்திநாத்தில் நூற்றெட்டுத் தாரைகளில் நீராடி சேவித்தார்கள். நாங்கள் சந்நிதிக்குள் போகவில்லை. என் கணவர் மதில் ஓரமாக, போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். குளிரில் அவர் கை நீலம் பாரித்துவிட்டது. மாற்றிப் பிடிக்கிறேன் என்றாலும் கொடுக்கவில்லை. சிக்னல் வரவில்லை. அவ்வளவு தூரம் போய்ப் பெருமாளைச் சேவிக்காமல் வந்ததற்கு எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. வருத்தப்பட வேறு விஷயம் இருக்கிறது.

12. ஞாயிற்றுக்கிழமை இறங்கும் வழியில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. என் கணவரின் போனில் வரவேண்டியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன: மாதுரி கேட்ட ஓ.டி.பி.கள், நான் கேட்ட ஓ.டி.பி.கள். கடைசியாக வந்தது, காலக்கெடு முடிந்ததால் விண்ணப்பதாரர் மறுத்ததாகப் பதிவு செய்யப்பட்டது என்ற செய்தி. நான் வண்டியிலேயே வாய்விட்டு அழுதேன். பதினெட்டு பேருக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது. திரு. அனந்தபத்மநாபன் தலையில் கை வைத்துக்கொண்டு, “குழந்தை விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டிய நானே தள்ளிண்டு வந்திருப்பேனே” என்றார். அவர் செய்திருப்பார்.

13. ஊர் திரும்பியதும் பிரவீன்ராஜின் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் அந்தத் திட்டத்தின் விவரத்தைத் தம் போனில் எடுத்துப் படித்தார். லேப்டாப் பகிர்வு கிடையாது என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. “நானே இத இப்பதாங்க்கா படிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அவர் மீது நடவடிக்கை கோரவில்லை. விற்கிறவருக்கே தெரியாத எழுத்தில் விற்கச் சொல்பவர்கள் மீது கோரலாம். அது வேறு மன்றத்தில் கேட்க வேண்டியது.

14. தத்தெடுப்பு அலுவலகத்துக்கும் போனோம். அங்கிருந்த உதவியாளர் அன்பாகவே பேசினார். குழந்தை வேறு மாநிலத்தில் ஒரு குடும்பத்துக்குப் போய்விட்டது என்று சொன்னார். இந்த இரண்டு மாதத்தில் நாங்கள் கேட்ட நல்ல செய்தி அது ஒன்றுதான். குழந்தையைத் திரும்பக் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை என்று உறுதி கூறுகிறேன். அவள் இந்நேரம் யாரையோ அம்மா என்று கூப்பிடப் பழகியிருப்பாள். அது அப்படியே இருக்கட்டும்.

15. என் கோரிக்கை ஒன்றே. அந்தக் குழந்தையின் கோப்பில், முதலில் பார்த்த தம்பதியர் மறுத்தனர் என்று எங்கள் பெயரால் ஒரு பதிவு நிற்கிறது. உதவியாளரிடம் அதை நீக்கக் கேட்டேன். “கம்ப்யூட்டர் தானா போடறதும்மா, அதை யாரு பாக்கப் போறாங்க?” என்றார். நான் பதிவுத்துறையில் இருக்கிறேன் ஐயா. எழுபது வருடத்துப் பத்திரத்துக்கு நகல் கேட்டு நித்தம் ஆள் வருகிறார்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எழுதிய வரியைத்தான் ஒருவர் தேடிக்கொண்டு வருவார். வளர்ந்த பிள்ளைகள் தங்கள் கோப்பைக் கேட்டுப் பெறலாம் என்று அதே அலுவலகத்தில்தான் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள்.

16. வற்புறுத்திக் கேட்டதில் அவர் ஒரு வழி சொன்னார். எங்கள் பதிவையே முழுதாக ரத்து செய்தால் அதோடு சேர்ந்த எல்லாக் குறிப்புகளும், குழந்தையின் கோப்பில் உள்ள அந்த வரி உட்பட, போய்விடும், ஆனால் நீங்கள் புதிதாகப் பதிந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும், உங்கள் வயதுக்கு அப்புறம் சின்னக் குழந்தை வராது, யோசித்துச் செய்யுங்கள் என்றார். வரிசையில் எங்கள் இடம் இப்போது முன்னால்தான் இருக்கிறது, அடுத்த ஒதுக்கீடு சீக்கிரம் வரலாம் என்றும் சொன்னார். என் கணவரும் நானும் ஒரு வாரம் இதைப் பற்றிப் பேசினோம்.

17. இனி இதுபோல் வெளிநாட்டில் சிக்கிக்கொள்பவர்கள் போனில் வாய்மொழியாகவாவது சம்மதம் சொல்ல ஒரு வழி செய்தால் நல்லது. அது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால் உரியவர்களுக்கு எழுதி உதவ வேண்டுகிறேன்.

18. ஐயா, பெற்றவள் விட்டுச் சென்றாள் என்ற ஒரு வரி அந்தக் குழந்தையின் கோப்பில் ஏற்கெனவே இருக்கும். அதை யாராலும் எடுக்க முடியாது. அதற்குக் கீழே, இன்னும் இரண்டு பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள் என்ற பொய்யை அவள் ஒருநாள் படிக்கக்கூடாது. எங்கள் பதிவை வைத்துக்கொண்டே அந்த வரியை மட்டும் நீக்கத் தங்களால் இயலுமானால், அதைச் செய்து தருமாறு பணிந்து கேட்கிறோம். இயலாது என்றால், எங்கள் பதிவை ரத்து செய்துவிடுங்கள். இதற்கு எங்கள் இருவருக்கும் முழுச் சம்மதம்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

ல. வைஜயந்தி (ஒப்பம்)
லக்ஷ்மிகாந்த் (ஒப்பம்)

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 10.11.2025