ஈரம் இறங்கும்வரை

நுபெத் அக்காவுக்கு, தம்பி ஹெசி எழுதுவது. அத்தான் உயிரோடு இருக்கிறார். வலது கையும் உடம்போடுதான் இருக்கிறது. கையை வெட்டிவிட்டார்கள் என்று படகுக்காரன் ஊரில் சொன்னது வேறு ஆளைப் பற்றி. பிரமிடின் தெற்குச் சரிவில் வேலை செய்தவர். அவரும் பிழைத்துவிட்டார்.

அத்தானுக்கு முன்கை எலும்பு முறிந்தது. வைத்தியர் இழுத்து நேராக்கித் தப்பை வைத்துக் கட்டினார். கட்டுப் பிரித்த அன்று, எனக்கு நம்பிக்கை வராமல், என் தூக்குநூலைப் பிடித்துப் பார்த்தேன். கோணல் இல்லை. "ஏன்டா மாப்ளே, நான் என்ன சுவரா?" என்று அத்தான் கத்த, எங்கள் கல் இழுக்கும் குழுவே சிரித்தது. வயலில் ஆற்று வெள்ளம் வடிய இன்னும் ஐம்பது நாள். விதைப்புக்கு வந்துவிடுவார். ஏரை அழுத்திப் பிடிக்க மட்டும் இந்த வருடம் முடியாது.

வாசித்துக் காட்டும் எழுத்தர் ஐயா, இனி வருவதை முணுமுணுக்காமல் உரக்க வாசிக்கவும். தெரு முழுக்கக் கேட்கட்டும்.

தவறு என்னுடையது. கல் ஏற்றிய சறுக்குவண்டிக்கு முன்னால் களிமண் பாதையில் தண்ணீர் ஊற்றினால், ஈரம் உள்ளே இறங்கும்வரை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். இது நான் படித்த பாடம். அன்று பக்கத்துப் பாதைக் குழு எங்களைவிட இரண்டு கல் அதிகமாக ஏற்றிவிட்டிருந்தது. "தண்ணி இன்னும் மேலயே நிக்குது மாப்ளே, கொஞ்சம் பொறு" என்றார் அத்தான். "அளவுக்காரன் நானா, நீங்களா? இழுங்க!" என்றேன். இழுத்தார்கள். வண்டி திரும்பி அவர் கையை நசுக்கியது.

அந்தக் கல் மேலே ஏறிவிட்டது. ஊரில், பிரமிடை அரசர் மென்கவ்ரே கட்டுகிறார் என்கிறீர்கள். அந்தக் கல்லை ஏற்றியது நாற்பது பேர். நான் கரியால் கோடு போட்டுக் கொடுக்க, அத்தான் இடது கையால் சிவப்புச் சாயத்தில் எங்கள் குழுவின் பெயரை அதில் எழுதினார்: ‘மென்கவ்ரேயின் குடிகாரர்கள்’. அடுத்த கல் வந்தால் மறைந்துவிடுமே, யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "அந்தக் கல்லை இழுத்துட்டு வர்ற பயலுக பாப்பானுகல்ல? வயிறு எரியட்டும். கீழே உன் பேரையும் போடு" என்றார். போட்டேன். கோணலாக வந்தது.

மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டுவிட்டேன். அத்தானோடு நானும் வருகிறேன்; ஏரை நான் பிடிக்கிறேன். அத்தான் மன்னித்துவிட்டார். நீ மன்னிக்க அவசரப்பட வேண்டாம், அக்கா. இறங்கும்வரை நிற்க இப்போதுதான் பழகுகிறேன். கதவை மட்டும் சாத்திவிடாதே.

உன் தம்பி,
ஹெசி