ஹர்த்தால் அன்று ஓடிய ஜீப்

பிப்ரவரி 3

ஸ்டாண்டு வரிசைப்படி இன்று எனக்கு மூன்றாவது டேர்ன். பெங்களூர்க்காரர்கள் ஆறு பேர். ஏறும்போது ஒரே கூச்சல், இறங்கும்போது ஒருத்தன் வாய் திறக்கவில்லை. இந்த ரோட்டில் குலுங்கினால் அப்படித்தான்.

ஸ்டாண்டில் ஒரே பேச்சு. வெளிநாட்டு வங்கி ஒன்று கடன் கொடுத்து, சூரியநெல்லியிலிருந்து மலை உச்சி வரை தார் ரோடு வரப் போகிறதாம். சுற்றுலா வளருமாம். வளரட்டும். அவனவன் சொந்தக் காரிலேயே மேலே போய்விடுவான். என் ஜீப்பில் எவன் ஏறுவான்?

பிப்ரவரி 10

நாளை வங்கிக்காரர்கள் ரோட்டைப் பார்க்க வருகிறார்கள். ஜீப் யூனியன் செகரட்டரி பூபதிராஜா அண்ணன் ஹர்த்தால் சொல்லிவிட்டார். "ஒரு வண்டி ஓடக் கூடாது. நம்ம கோவம் அவங்களுக்குத் தெரியணும்." எல்லாரும் கை தட்டினோம்.

பிப்ரவரி 11

ஹர்த்தால் முழு வெற்றி.

மார்ச் 19

வெற்றியாம், வெற்றி! அன்று வந்தவர்கள் ரோட்டில் ஒரு ஜீப்பைக்கூடப் பார்க்கவில்லையாம். அதனால் இந்த ரோட்டை நம்பிப் பிழைப்பவர் யாருமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்களாம். பஞ்சாயத்தில் சொல்கிறார்கள்.

யாருமில்லையா? அப்ப நான் யாரு? கியர் போட்டுப் போட்டுக் கை காய்ச்சுக் கெடக்கே, இது யாரு கை? கோபம் தெரியட்டும் என்று வண்டியை நிறுத்தினோம். அவர்களுக்கு எங்களையே தெரியாமல் போயிற்று.

அடுத்த வாரம் வங்கிக்காரர்கள் மறுபடி வந்து பொதுக்கூட்டம் நடத்துகிறார்கள். அதற்கும் ஹர்த்தாலாம். இந்தச் செகரட்டரிக்கு வேறு மருந்தே தெரியாதா?

மார்ச் 24

ஸ்டாண்டில் வைத்தே சொல்லிவிட்டேன். "நாளைக்கு நான் வண்டி எடுப்பேண்ணே."

"எடுத்தா உன் டேர்ன் கட், நர்மதா."

"பண்ணுங்க. அந்த ரோடு வந்தா உங்க டேர்னும்தான கட்?"

என் வீட்டுக்காரர் ஊரோடு ஒத்துப் போகச் சொல்கிறார். ஊர் பள்ளத்தில் இறங்கினால் நானும் இறங்கணுமா? போய் டயரில் காற்று பார்த்தேன்.

மார்ச் 25

 எழுதினால்தான் தூக்கம் வரும்.

வரிசையாக நின்ற வண்டிகளைத் தாண்டி, ஹார்ன் அடித்துக்கொண்டே பஞ்சாயத்து ஹாலுக்குப் போனேன். வங்கியிலிருந்து நரைமுடி அம்மா ஒருத்தர். பக்கத்தில் மொழிபெயர்க்க நிமி என்றொரு பெண். நான் பேச எழுந்ததும் ஒரு ஆபீசர், இது கேரளா, மலையாளத்தில் சொல்லு என்றார்.

"அந்தம்மாவுக்கு மலையாளம் தெரியுமா சார்?"

தெரியாது.

"அப்ப எதுல சொன்னாலும் மாத்தித்தான சொல்லணும்? தமிழ்லருந்து மாத்துங்க."

நிமி சிரித்துவிட்டாள். தனக்குத் தமிழ் தெரியும் என்றாள். சொன்னேன்: "அன்னைக்கு ஹர்த்தால்மா. நாங்க இல்லாம இல்ல, ஓட்டாம நின்னோம். நம்பலன்னா இப்பவே என் வண்டில ஏறுங்க."

ஏறினார்! நிமியும்தான். வளைவுக்கு வளைவு கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாதி மலையில் திரும்பிப் பார்த்தால் பின்னால் புழுதி. நாலைந்து ஜீப். அப்புறம் மொத்த ஸ்டாண்டும். கடைசியாகச் செகரட்டரி அண்ணன்.

உச்சியில் அந்தம்மா எல்லா வண்டியையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இத்தனை பேரும் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?" நிமி அதைத் தமிழில் சொன்னாள். பூபதிராஜா அண்ணன் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 2

டேர்ன் இன்னும் கட்தான். எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றுகிறேன். டேர்ன் கொடுங்கள் என்று எவர் முன்னாலும் போய் நிற்க மாட்டேன்.

ஜூலை 8

விடாத மழை. தார் ரோட்டை எஸ்டேட் கேட்டோடு நிறுத்தலாம், அதற்கு மேல் ஜீப் மட்டும் போகட்டும் என்று பேச்சு வந்திருக்கிறது. முடிவு செய்யுமுன் வங்கிக்காரர்கள் நாளை மறுபடி வருகிறார்கள். நாளைக்கென்று பார்த்து, வேறு எதற்கோ மாநிலம் முழுக்க ஹர்த்தால்.

சாயங்காலம் பூபதிராஜா அண்ணன் போன். இருமினார். மழையை விசாரித்தார். அப்புறம், "நர்மதா, நாளைக்கு வண்டிய எடுக்கணுமா, வேணாமா? நீ சொல்லு."

"எடுக்கணும்ணே. எல்லா வண்டியும். மொத டேர்ன் யாருக்கு?"

"உனக்குத்தாம்மா."