சாமி ரூமுக்கு அடியில் இருந்த கிணறு

குளித்து முடித்தும் கையில் சிமெண்ட் வாசம் போகவில்லை. நேற்று உன் வீட்டுக்குள் மிஷினை இறக்கினேன். ஆமாம், நீ வேண்டாம் என்ற அதே இடத்தில். கோபப்படுவதென்றால் படு, அதற்காவது நீ இருந்திருக்கக் கூடாதா?

பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றி அஸ்திவாரம் இறங்கிப்போன வீடுகளை எத்தனை நிமிர்த்தியிருப்போம் நாம் இரண்டு பேரும். தரையில் ஒல்லியாகத் துளை போட்டு, பாறை வரைக்கும் கம்பியை இறக்கி, அடியிலிருந்து சிமெண்ட் பாலை ஏற்றுவோம். பழைய கிணற்றை மூடி சைட் போட்டு விற்ற இடமென்றால் நமக்குத்தான் போன் வரும். ஊரான் கிணற்றையெல்லாம் துருவித் துருவி விசாரித்தவன், உன் வீட்டுச் சாமி ரூமே அப்படியொரு கிணற்றின் மேல் நிற்கிறது என்பதைச் சுவர் விரிசல் விட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாய். உன் தங்கை சின்ன வயதில் எட்டிப் பார்க்கப் போய் விழுந்த கிணறு. உன் அப்பா அந்த வாரமே கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார். உடம்பைத்தான் எடுத்தார்கள், உயிர் அங்கேயே இருக்கிறது என்று நம்பினாய். அமாவாசை தவறாமல் அந்தத் தரையில் விளக்கு வைத்தாய். துளை போட்டுவிடலாம் என்றேன்.

"அங்க மட்டும் மிசினை வெக்காத மாப்ள. அவ தூங்கட்டும்" என்றாய்.

நீ போய் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை, விரிசலுக்குள் கை நுழைகிறது. மல்லிகா கூப்பிட்டாள். அழவில்லை, உன் பெண்டாட்டியல்லவா.

"அவரு சொன்னது எனக்கும் தெரியுமுங்ண்ணா. ஆனா ஊடு உழுந்துபோட்டா அவரு வெளக்கு வெச்ச எடமும் போயிருமுங்களே" என்றாள்.

சிமெண்ட் பாலை விட விட, கல் இடுக்குகளில் ஓடி மறைந்துகொண்டே இருந்தது. ஆட்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ தாகமெடுத்த பிள்ளை குடிப்பதுபோல் இருந்தது, சத்தியமாக. விட்டது இறுகட்டும் என்று நிறுத்திவிட்டு இன்று மறுபடி விட்டோம். மதியம் தாண்டித்தான் மேலே வந்து வழிந்தது. மல்லிகா அதன்மேல் பூவைப் போட்டு, "மன்னிச்சுக்க அம்மணி" என்றாள். அங்கேதான் உடைந்துபோனேன். உன் சாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

வீடு நிற்கும் மாப்ள, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிணறு இருந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்க இனி என்னால் முடியாது. அதில் யாராவது போனார்களா என்றும் கேட்பேன். அபசகுனமாகப் பேசுகிறான் என்று முறைப்பார்கள். முறைக்கட்டும். ஒரு பெயர் சொன்னால், அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டுக்கொண்டுதான் மிஷினை ஓட்டுவேன்.

உன் தங்கையிடம் அப்படிக் கேட்க முடியவில்லை. வீட்டில் எல்லாரும் பாப்பா என்றே சொல்வீர்களாம். மல்லிகாவுக்கும் வேறு பெயர் தெரியவில்லை. பாப்பாவின் நிஜப் பெயர் தெரிந்தவன் நீ ஒருவன்தான் மிச்சம் இருந்தாய்.